மேலைச் சென்னைப் புறநகரும் ஏரிக் காவற் குறிக்கோளும்

நகரப் பொதுப்பணித் திட்டங்களில் சுற்றுச்சூழற் காப்பிற்கெனக் குறிக்கோள்களை முன்னரே வரையறுத்தல் இக்காலத்துத் தோன்றிய வழக்கம் எனக் கருதுவார் பலர். சொல் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. தொண்டை மண்டலத்து ஏரிகளின் வரலாறு இதற்குச் சான்றாகும். அவ் வரலாற்றை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு, அவ்வூர்ச் சபையார் ஏரி வாரியத்திற்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்தமையைக் கூறுகின்றது. அவர்தம் பணிக்காலம் 360 நாள். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தேர்விற்கு உரியரல்லர். செய்வார் இன்னார், செய்யுங் காலம் இவ்வளவு, கணக்குக் காட்டாதார்க்கு மீண்டும் இடமில்லை என்னும் மூன்றும் இவ்விதியில் ஒருங்கே அமைந்துள்ளமை கருதத்தக்கது.

இனி, மேலைப் புறநகரின் நீரமைப்பை நோக்குவோம். இங்குள்ள ஏரிகள் தனித்தனியே நிற்பன அல்ல. அம்பத்தூர் ஏரி நிரம்பி வழியும் நீர் கொரட்டூர் ஏரியை அடைகின்றது. அதன் மிகைநீர் இரட்டை ஏரிக்குச் செல்கின்றது. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தின் மிகைநீரோ அடையாற்றில் விழுகின்றது. 1872இல் புழல் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொணரப்பட்டது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தது. இங்ஙனம் நகரம் தன் நீருக்கு மேற்றிசையையும் வடமேற்றிசையையும் நோக்கியே வளர்ந்துள்ளது.

1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை நிறுவப்பட்டது. நாளடைவில் ஆயக்கட்டு நிலங்கள் மனைகளாயின. வயல் மறையவே மதகையும் வரத்துக்காலையும் காக்கும் தேவையுடைய உழவரும் மறைந்தனர். ஏரி இருந்தது, ஏரிக்கு உடையார் இலராயினர். கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலத்தல் பற்றிய வழக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றமை இதன் விளைவேயாம்.

2008ஆம் ஆண்டின் இரண்டாம் முழுமைத் திட்டம் இம் மூன்றூரையும் ஒரே பெருநகரப் பகுதியாகக் கொண்டது. ஆயின் ஆட்சியெல்லை வேறாக அமைந்தது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. 2050ஆம் ஆண்டிற்குள் கரிமச் சமநிலை எய்துதலைக் குறிக்கோளாகக் கொண்டு 2023இல் வெளியான சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் வெள்ளத்தையும் நீர்ப்பற்றாக்குறையையும் தன் பொருளாகக் கொண்டதெனினும், அது மாநகராட்சியின் எல்லைக்கு உரியது. அதனுள் அம்பத்தூர் அடங்கும். ஆவடியும் பூவிருந்தவல்லியும் அடங்கா.

நீர் இவ்வெல்லையை அறியாது. 2015 திசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட நீர், அடையாற்றின் வழியே நகரினுட் புகுந்தது. எல்லைக்கு அப்பால் நிகழ்வது எல்லைக்குள் உயிரையும் உடைமையையும் தாக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆதலின், குறிக்கோளுக்குத் தொலைவிலுள்ள ஓர் ஆண்டைக் குறித்தல் மட்டும் போதாது. வரத்துக்கால் தொடங்கும் இடம் முதல் கலிங்கு வழியும் இடம் வரை ஓர் ஏரித்தொடரை ஓர் அலகாகக் கொள்ளல் வேண்டும். அதற்குப் பொறுப்புடையாரைப் பெயர் சுட்டி நியமித்தல் வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் கேட்டல் வேண்டும். பின்னைய இரண்டையும் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஓர் ஊர்ச்சபை விதியாக்கிக் கல்லில் வெட்டி வைத்தது. முன்னையதொன்றே நம் காலம் புதிதாகச் சேர்க்க வேண்டுவது என்பது இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபாகும்.