ஃபைட்டர் மீனை ஃபைட்டர் ஆக்கினது யார்?

வளர்ப்பு மீன் விற்கிற கடைகளில் மற்ற மீன்களெல்லாம் கூட்டமாகத் தொட்டியில் நீந்த, ஒரு மீனை மட்டும் தனித்தனிப் போத்தல்களில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெட்டா எண்டு கேட்டால் சிலருக்கு விளங்காது, 'ஃபைட்டர்' எண்டால் உடனே எடுத்துத் தருவார்கள். முதன்முதலாக வாங்குகிற ஆளுக்கு மூன்று விசயம் சொல்லப்படும். ரெண்டை ஒண்டா விடாதேங்கோ. இது சின்னப் போத்தலிலயே இருக்கும். எயார் பம்ப் ஒண்டும் தேவையில்லை. மூன்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதெல்லாம் அந்த மீன்ரை பிறவிக் குணம் எண்டு நாங்கள் நம்பிவிடுகிறோம். பாதிதான் பிறவிக் குணம். மிச்சம், சியாம் நாட்டுச் சூதாட்டக்காரர் விட்டுப்போனது.

முதலில் மீனின் சொந்த ஊரைப் பார்ப்போம். சாவோ பிரயா ஆறு பாய்கிற மத்திய தாய்லாந்துச் சமவெளி. வயல், குட்டை, புல் மண்டிய வாய்க்கால். காட்டு பெட்டாவுக்கு நீளமான செட்டை கிடையாது, பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். சூடான, அசைவில்லாத தண்ணியில் ஒட்சிசன் குறைவு என்பதால், மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கிற ஒரு தனி உறுப்பு அதன் தலைக்குள் இருக்கிறது. போத்தலில் உயிர் பிழைத்துக் கிடக்கிறதுக்குக் காரணம் அதுதான். பிழைத்துக் கிடக்கிறதும் நல்லாயிருக்கிறதும் ஒண்டில்லை.

ஆண் மீன்கள் அங்கேயும் சண்டை பிடிக்கும். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால் செவுளை விரித்து மிரட்டும், கடிக்கும். சில நிமிடங்களில் தோற்கிறது ஓடிவிடும். வயல் பெரியது, ஓட இடமிருக்கு. ஒரு சாடிக்குள் அந்த இடம் இல்லை. சண்டையைச் சாகும்வரை இழுத்தது மீனின் வெறி மட்டுமில்லை, சாடியின் அளவும்தான் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

தாய் மொழியில் இதன் பெயர் 'ப்ளா கட்', கடிக்கிற மீன். காட்டு மீன்களையும் வளர்ப்பு மீன்களையும் மரபணு அளவில் ஒப்பிட்ட 2022 ஆம் ஆண்டு ஆய்வொன்று, மனிதர் இதை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 1000 வருடமாவது ஆகியிருக்கும் என்கிறது. அவ்வளவு காலமும் தேர்வு நடந்தது ஒரே குணத்துக்காக: ஓடாத மீன். நின்று கடிக்கிறதை வைத்து இனம் பெருக்கினார்கள். காட்டு மீன் சில நிமிடத்தில் முடிக்கிற சண்டையை, இப்படிப் பெருக்கின மீன் மணிக்கணக்காக இழுக்கும். எந்த மீனுக்குக் காயம் கூட என்பதை வைத்து வெற்றி தீர்மானிக்கப்படவில்லை, எது முதலில் பின்வாங்குகிறது என்பதே கணக்கு. பந்தயம் கட்டினது உண்மையில் மீனின் பிடிவாதத்தின் மேல்.

இதில் அரசும் பங்காளி. 1849 இல் மலாய்ப் பகுதி மீன்களைப் பட்டியலிட்ட தியடோர் கன்ரர், டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பனியில் வேலை செய்தவர், ஒரு விசயத்தைப் போகிற போக்கில் எழுதிவைத்தார். மீன் சண்டை நடத்துகிற உரிமை சியாமில் குத்தகைக்கு விடப்படுகிறது, அதனால் மன்னருக்கு ஆண்டுதோறும் கணிசமான வருமானம். அது மூன்றாம் ராமாவின் காலம். இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. பிரித்தானியர் இங்கே சாராயக் குத்தகை விட்ட அதே மாதிரித்தான். சனத்தின் போதையைக் குத்தகைக்காரரிடம் கொடுத்து, காசை மட்டும் கைநீட்டி வாங்குகிற ஏற்பாடு. 1935 இல் வந்த தாய்லாந்துச் சூதாட்டச் சட்டத்திலும் மாட்டுச் சண்டை, சேவற்சண்டையோடு மீன் சண்டையும் அனுமதி பெற்று நடத்தக்கூடியவற்றின் பட்டியலில் இருக்கிறது.

அமைதியாக இருக்கும்போது மங்கலாகத் தெரிகிற மீன், கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்ததும் உலோகம் போல மின்னுது எண்டும் கன்ரர் எழுதினார். போத்தலுக்குப் பக்கத்தில் கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுகிற பழக்கத்துக்கு வயது இவ்வளவு.

பெயரிலும் ஒரு குழப்பம். கன்ரர் தான் பினாங்கில் கண்ட இன்னொரு மீனையும் சியாமின் சண்டை மீனையும் ஒரே இனமாக நினைத்து 'பக்னாக்ஸ்', அதாவது சண்டைக்காரன், எண்டு பெயர் வைத்தார். 1910 இல் லண்டனில் றீகன் என்கிற விலங்கியலாளர் இரண்டும் வேறு எண்டு பிரித்தார். விதிப்படி பழைய பெயர் பினாங்கு மீனுக்கே போய்ச் சேர்ந்தது. சியாம் மீனுக்கு 'ஸ்ப்ளென்டென்ஸ்', ஒளிர்கிறவன், எண்டு புதுப்பெயர். அந்தப் பினாங்கு மீனோ, தகப்பன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கிற ஒப்பீட்டளவில் சாதுவான பிராணி. சண்டைக்காரப் பட்டம் இன்றைக்கும் அதன் தலையில்.

மீன் மேற்குக்குப் போனதும் தேர்வின் திசை மாறியது. பல்லுக்குப் பதிலாக வால். தொங்குகிற நீள வால், 1980களுக்குப் பிறகு அரைவட்டமாக விரிகிற 'ஹாஃப்மூன்', 1990களில் இந்தோனேசியாவில் முடி போலக் கிளைக்கிற 'கிரவுன்டெயில்'. 2016 இல் தாய்லாந்துக் கொடியின் நிறங்களோடு பிறந்த ஒரு மீன் இணைய ஏலத்தில் 53,500 பாத்துக்கு விலைபோனது. 2019 இல் பெட்டா தாய்லாந்தின் தேசிய நீர்வாழ் விலங்கானது. சண்டையிலிருந்து விடுதலை எண்டு இதைச் சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பெரிய வாலை இழுத்துக்கொண்டு நீந்தவே சில மீன்கள் களைக்கின்றன. சாடி போத்தலானது, மீன் இன்னும் அதற்குள்தான்.

எங்கட நாட்டிலும் இதற்குச் சொந்தக்காரர் உண்டு. 1937 இல் தெரணியகல விபரித்த மல்புலுட்டா, இலங்கையில் மட்டுமே வாழ்கிற, அதே குடும்பத்துச் சின்ன மீன். காட்டு ஓடைகளின் உக்கின இலைகளுக்கிடையில் ஒளிந்து திரியும். அதன் ஓடைகள் குறைந்துகொண்டு போக, நாங்கள் கடையில் பாங்கொக் மீனின் வாலை அளந்துகொண்டு நிற்கிறோம்.

புதிதாக வளர்க்கிறவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒண்டுமில்லை. மீனுக்கு அதன் வயலில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். 15, 20 லீற்றராவது பிடிக்கிற தொட்டி. ஆண் மீன் ஒன்று மட்டும், இத்தனை தலைமுறைத் தேர்வை நாங்கள் ஒரு நாளில் அழிக்க ஏலாது. 25 முதல் 28 பாகை வெப்பம். யாழ்ப்பாணத்திலயோ மட்டக்களப்பிலயோ ஹீற்றர் தேவையில்லை, நுவரெலியாவில் கட்டாயம் வேணும். குழாய்த் தண்ணியெண்டால் குளோரீன் நீக்கிப் பாவிக்க வேணும். ஃபில்ற்றர் போட்டால் மெதுவாக ஓட விடுங்கோ, பலமான ஓட்டத்தை நீள வால்கள் தாங்காது. கிழமைக்கு ஒருக்கால் தண்ணியில் ஒரு பங்கை மட்டும் மாற்றினால் போதும். போத்தலில் மீனைக் கொல்வது தனிமை இல்லை, அதன் கழிவிலிருந்து சேர்கிற அமோனியா. குதிக்கும், அதனால் மூடி வேணும். மூடிக்கும் தண்ணிக்கும் இடையில் காற்று விழுங்க வெளியும் வேணும். சாப்பாடு கொஞ்சமாக. நுளம்புக் குடம்பி கிடைத்தால் அதுக்கு விருந்து. காய்ந்த கொட்டம்பா இலை ஒன்றைத் தண்ணியில் போடலாம், தாய்லாந்திலும் அதைத்தான் போடுகிறார்கள்.

ஒரு நாள் காலமை தண்ணியின் மேல் ஒரு மூலையில் நுரை திரண்டு கிடக்கும். அழுக்கு எண்டு நினைச்சு வழிச்சு ஊத்திப்போடாதேங்கோ. ஆண் மீன் கட்டின கூடு அது. பெண் மீன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கட்டும்.