ஜன்னல் இல்லாத விடுதி

போன கோடை விடுமுறையில் என் தமக்கை மகன் ஜப்பானுக்குப் போய் வந்தான். கட்டடக் கலை படிக்கிறவன். இரண்டு மாதம் அங்கே தங்கி, கியோட்டோவிலும் நாராவிலும் பழைய கோயில்களையும் வீடுகளையும் பார்த்துப் படம் வரைந்துகொண்டு வருவது அவன் படிப்பில் ஒரு பகுதியாம். மதுரைக்குத் திரும்பிய மறுநாளே மூன்று நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். எழுதுகிறவனிடம் காட்டினால் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வான் என்ற நம்பிக்கை.

ஒரு பக்கத்தில் கையை வைத்து நிறுத்தினான். தாழ இறங்கிய கூரை. அதன் கீழே வீட்டை ஒட்டினாற் போல நீளமான மரத்தளம். பின்னால் தள்ளித் திறக்கும் காகிதக் கதவுகள். "இதுக்கு எங்காவான்னு பேரு மாமா. பாட்டி ஊர்த் திண்ணையை மரத்திலே செஞ்ச மாதிரி இல்லே?" என்றான். இருந்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. சித்திரை மாதத்து மதுரை வெயில், தலைக்கு மேலே கான்கிரீட் தளம். நெற்றியைத் துடைத்துக்கொண்டே அவன் அண்ணாந்து பார்த்து, "நம்ம வீட்டு முற்றத்தை எப்போ மூடினீங்க மாமா?" என்று கேட்டான்.

பதில் சொல்ல முடியாதபோது கதை சொல்லுவது என் வழக்கம். அன்றைக்கு ஜார்ஜ் நகாஷிமாவின் கதையைச் சொன்னேன். கதை என்றாலும் நடந்த கதைதான்.

நகாஷிமா 1905-இல் அமெரிக்காவில், ஸ்போக்கேன் என்ற ஊரில் பிறந்தவர். தாய் தந்தையர் ஜப்பானியர். அமெரிக்காவில் கட்டடக் கலை படித்தார். நடுவே மாணவராகவே பிரான்சுக்குப் போய் ஃபோன்டென்ப்ளோவில் கொஞ்ச காலம் பயின்றார். பட்டமெல்லாம் வாங்கி முடித்தபோது உலகத்தில் பெரும் பணமுடை. கட்டடம் கட்ட ஆளில்லை. மனிதர் கப்பல் ஏறினார். பாரிஸில் சில காலம் இருந்துவிட்டு, 1934-இல், தம் பெற்றோர் பிறந்த ஜப்பானுக்கு வந்து சேர்ந்தார். வேலை கிடைத்த இடம் தோக்கியோவில் அந்தோனின் ரேமண்டின் அலுவலகம்.

ரேமண்ட் செக் நாட்டிலே பிறந்து அமெரிக்கரானவர். பிராங்க் லாயிட் ரைட்டுக்கு உதவியாளராகத் தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலைக் கட்டுவதற்காக ஜப்பானுக்கு வந்தவர், குருவைப் பிரிந்து அங்கேயே தங்கிவிட்டார். ஜப்பானிய விவசாயி வீடும் தச்சன் உளியும் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன. மரத்தை மரமாகவும் கல்லைக் கல்லாகவும் விட்டுவிடுவது, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே கெட்டியான சுவர் எழுப்பாமல் தள்ளுகதவு வைப்பது, வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி கூரையை இறக்குவது என்ற இவற்றைத்தான் நகாஷிமா அந்த அலுவலகத்தில் கற்றார். மயேகாவா போன்ற ஜப்பானிய இளைஞர்கள் அங்கே அவருக்குத் தோழர்கள்.

அவரைத் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு இழுத்து வந்தது புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரமத்தில் அடியார்கள் தங்க ஒரு விடுதி வேண்டியிருந்தது. ஆசிரமத்திலிருந்த பவித்ரர் என்ற பிரெஞ்சுக்காரர் முன்பு ஜப்பானில் வாழ்ந்தவர், ரேமண்டை அறிந்தவர். ஹைதராபாத் சமஸ்தானத்தில் பெரும் பதவி வகித்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் ஒரு லட்ச ரூபாய் வந்தது. நன்றிக்காக விடுதிக்குக் கோல்கொண்டாவின் பெயரையே பிரெஞ்சு உச்சரிப்பில் 'கோல்கொண்ட்' என்று வைத்தார்கள். தோக்கியோவில் வரைபடம் தயாரானது. வேலையை இருந்து நடத்த 1937-இல் வந்தவர் நகாஷிமா. பிராந்திசெக் சாமர் என்ற செக் நாட்டுக்காரர் கூட இருந்தார். மறு வருஷம் ரேமண்டே குடும்பத்தோடு வந்து சில மாதம் தங்கினார்.

நான் அனுமதி வாங்கி அந்த விடுதியைப் பார்த்திருக்கிறேன். கான்கிரீட் கட்டடம் என்று கேள்விப்பட்டு, நம் வீட்டுத் தளத்தின் சகோதரனைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போனேன். உள்ளே நுழைந்ததும் உடம்பு சொல்லிவிட்டது. பகல் பன்னிரண்டு மணி. அங்கே மின்விசிறியை நான் தேடவில்லை.

சூட்சுமம் ஒன்றுமில்லை. கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, முகத்தை வடக்கிலும் தெற்கிலும் வைத்திருக்கிறது. அந்த இரு பக்கங்களிலும் சுவரும் இல்லை, கண்ணாடி ஜன்னலும் இல்லை. தரையிலிருந்து கூரைவரை படுக்கைவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுப் பலகைகள். பித்தளைப் பிடியைத் திருப்பினால் வேண்டிய அளவுக்குச் சாயும். காற்று வரும், வெளிச்சம் வரும். வெயிலும் சாரலும் வாசலோடு நிற்கும். அறைகள் ஒற்றை வரிசை. அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவு. அதை மூடினாலும் காற்று இடுக்கு வழியே புகுந்து மறுபக்கம் போய்விடும். மேலே தளத்தின் மீது வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டுக் கவிழ்த்திருக்கிறார்கள். சூரியன் ஓட்டைச் சுடுகிறான், இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோகிறது, தளம் தப்பித்துக்கொள்கிறது. மின்சாரத்துக்கு இங்கே வேலையே இல்லை.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது உள்சுவர்தான். தொட்டால் வழுவழுவென்று, பளிங்கைப்போல் குளுமையாக இருந்தது. ஜப்பானியக் கைவேலை என்றே நினைத்தேன். விசாரித்தால், செட்டிநாட்டுப் பூச்சு! மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் தாண்டினால் வருகிற அதே செட்டிநாடு. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் அதே வேலை. 1636-இல் எழுந்த நம் திருமலை நாயக்கர் மகாலின் செங்கல் தூண்களைப் பளிங்கென்று நம்பும்படி செய்ததும் இந்தச் சுதை வேலையின் உறவுதான். தோக்கியோவில் வரைபடம் போட்டவர்கள் இங்கே வந்ததும் நம் கொத்தனார் கையைப் பார்த்திருக்கிறார்கள். நான் என் வீட்டில் அந்தப் பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்டு பூசி, எனாமல் அடித்தேன்.

நகாஷிமா புதுச்சேரியில் சம்பளத்துக்கு வேலை செய்ய மறுத்து, அடியாராகவே சேர்ந்துவிட்டார். அரவிந்தர் அவருக்குச் 'சுந்தரானந்தர்' என்று பெயர் இட்டார்; அழகில் ஆனந்தம் காண்பவர் என்று பொருள். விடுதிக்கு வேண்டிய மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். பின்னாளில் உலகமெல்லாம் பெயர் வாங்கிய அவருடைய மரச்சாமான்களின் ஆரம்பம் இது. 1939-இல் புறப்பட்டுவிட்டார். விடுதி வேலை யுத்த வருஷங்களுக்குள்ளும் நீண்டது.

அமெரிக்கா திரும்பியவருக்கு என்ன நேர்ந்தது? ஜப்பான் யுத்தத்தில் இறங்கியதும், ஜப்பானிய ரத்தம் என்பதற்காக 1942-இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோவில் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். பிறந்த நாட்டிலேயே முள்வேலி. அங்கேதான் கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானில் முறையாகத் தொழில் கற்றவர். கிடைத்த கட்டைகளை வைத்துக்கொண்டு, இழைப்புளி பிடிப்பதிலிருந்து பொருத்துவது வரையில் அவர் சொல்லிக் கொடுத்தார். பட்டம் வாங்கி, ஜப்பானிலே வேலையும் பார்த்துவிட்டு வந்த கட்டடக் கலைஞர், ஜப்பானியத் தச்சு வேலையை முழுதாகக் கற்றுக்கொண்டது அமெரிக்கச் சிறைக்குள்ளே! நான் கதையில் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார். 1943-இல் பழைய முதலாளி ரேமண்ட்தான் பொறுப்பேற்று வெளியே எடுத்தார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை போட்டு, 1990-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அறுபதுகளில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்காகவும் மரச்சாமான்கள் வடிவமைத்தார்.

கதை முடியும்வரை மின்சாரம் வரவில்லை. உள்ளேயிருந்து அம்மா விசிறியோடு வந்து உட்கார்ந்தாள். முற்றத்தை மூடியபோது அவள் தடுத்துப் பார்த்தாள். மழை பெய்தால் வீடெல்லாம் ஈரம், திருட்டுப் பயம், மேலே ஓர் அறை எடுத்தால் வாடகை வரும் என்று மூன்று காரணம் சொன்னேன். துளசி மாடத்தைக் கொல்லைக்கு மாற்றினேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. இப்போது பேரனைப் பார்த்து, "ஜப்பான்லே முற்றம் உண்டாடா?" என்று கேட்டாள்.

"உண்டு பாட்டி. சின்னதா, நாலு அடிக்குக்கூட வைப்பாங்க. ஒரு செடி, ஒரு கல், மேலே வானம்."

"நாலு அடி போதும்" என்றாள் அம்மா.

மறுநாள் காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரை வரவழைத்தேன். ஏணி போட்டு ஏறி, தளத்தை அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தார். "திறக்கலாங்க. கம்பி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாம கை வைக்க முடியாது. கட்டினப்போ போட்ட பிளான் இருக்குங்களா?" என்று கேட்டார்.

கோல்கொண்டின் வரைபடங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அலமாரியைக் குடைந்ததில் எனக்குக் கிடைத்தவை சிமெண்டு மூட்டை வாங்கிய ரசீதுகள்தாம். என் மருமகன் நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பிக்கொண்டு, அளவு நாடாவின் மறுமுனையை என் கையில் கொடுத்தான்.