புளூபெர்ரி இலைத்திசு வளர்ப்பு

புளூபெர்ரியின் இலைத் துண்டிலிருந்து ஆய்வுக்கூடத்தில் முழுச்செடியை உருவாக்கும் முறை. வட அமெரிக்கக் காட்டுப் புதராக இருந்த புளூபெர்ரியை பிரெடரிக் கோவில், எலிசபெத் வைட் இருவரும் நியூ ஜெர்சியில் தோட்டப் பயிராக்கினர். முதல் விளைச்சல் 1916இல் விற்பனைக்கு வந்தது. விதைக்கன்று தாயின் குணத்தை அப்படியே பெறாது. ஆகவே தண்டுத் துண்டுகளை நட்டே இரகங்களைப் பெருக்கினர்.

திசு வளர்ப்பு முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1902இல் தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் தனியே பிரித்து வளர்த்த இலைச்செல்கள் உயிர்வாழ்ந்தன, பிளவுபடவில்லை. தாவர ஹார்மோன்களான ஆக்சின், சைட்டோகைனின் ஆகியவற்றின் விகிதமே வேரையும் தளிரையும் தீர்மானிக்கிறது என்று 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் காட்டினர். புளூபெர்ரியின் குடும்பத்தைச் சேர்ந்த கால்மியாவுக்காக லாயிட், மெக்கவுன் 1980இல் வகுத்த ஊட்டக்கலவை பின்னர் புளூபெர்ரிக்கும் பயன்பட்டது.

இலைத் துண்டிலிருந்து புளூபெர்ரிக் கன்றுகளைப் பெற்றதை பில்லிங்ஸ் குழுவினர் 1988இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே கேலோ, ஹான்காக் முதலியோரின் ஆய்வும் வந்தது. 1992இல் ரோலண்டும் ஆக்டனும் சியாட்டின் ரைபோசைடு என்ற சைட்டோகைனினைப் பயன்படுத்தி, முன்பு பயன்பட்ட சைட்டோகைனினைவிடப் பன்மடங்கு தளிர்களைப் பெற்றனர். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் குட்டைவகைப் புளூபெர்ரியை ஆராய்ந்த தேப்நாத் 2009இல் தந்த விவரங்கள் நுட்பமானவை. விரிந்துவரும் இளம் இலையின் அடிப்பாகமே நன்கு தளிர்த்தது. அதையும் மேற்புறம் ஊடகத்தில் படியுமாறு கவிழ்த்து, 2 வாரம் இருட்டில் வைக்க வேண்டும். தளிரைத் தூண்டத் தையடையசூரான் என்ற வளர்ச்சி ஊக்கி; தளிர் நீள்வதற்குச் சியாட்டின் கலந்த வேறு ஊடகம். பருத்திச் செடியின் இலையை உதிர்க்கப் பயன்படும் தையடையசூரான் இங்கே இலையையே துளிர்க்க வைப்பது குறிப்பிடத்தக்கது.

ஓர் இரகத்துக்குப் பொருந்தும் ஹார்மோன் அளவு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. தளிர் இலையிலிருந்து நேரே எழுகிறதா, வேறுபடாத செல்திரளான திசுக்கட்டி (கேலஸ்) வழியாகவா என்பதில் ஆய்வுக் குறிப்புகள் வேறுபடுகின்றன, இரண்டும் நிகழக்கூடும். திசுக்கட்டி வழி வரும் கன்றுகளில் மரபு மாறுபாடு நேரும் வாய்ப்பு கூடுதல் என்பது பொதுவான கருத்து.

2004இல் சாங், சிங்க் ஆகியோர் வெளியிட்ட மரபணு மாற்ற முறை இலைத்திசு வளர்ப்பின் வழியே அமைந்தது. 2021இல் புளூபெர்ரியில் கிரிஸ்பர் மரபணுத் திருத்தமும் பதிவாயிற்று. வணிகத் திசு வளர்ப்புக் கூடங்கள் பெரும்பாலும் கணுமொட்டுகளையே பெருக்குகின்றன. இலைவழி முறை முதன்மையாக ஆய்வுக்கே பயன்படுகிறது.