மூலமும் படியும்: இணையப் பக்கங்களின் புதுப்பித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மூலம் தூரத்தில் இருக்கும்போதும், அதனை நாடுவோர் பலராய் இருக்கும்போதும் மனிதர் படி எடுத்து வைத்துக்கொள்கின்றனர். படியினாற் பெறப்படும் நன்மை வேகமாகும். ஆயின், மூலம் மாறும்போது படி தானாக மாறுவதில்லை. மாறிய மூலத்துக்கும் மாறாத படிக்கும் இடையே தோன்றும் இவ்விடைவெளி கணினியியலார் பல தசாப்தங்களாக எதிர்நோக்கி வந்துள்ள பிரச்சினையாகும். இப்பிரச்சினை இணையத்தில் எவ்வாறு உருப்பெற்றது, தகவல் மாறியவுடன் அதனோடு தொடர்புடைய பக்கங்களின் பழைய படிகளைத் தாமாகவே நீக்கும் முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கம் இணையத்துக்கு முற்பட்டது. 1965ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ், பெரிய நினைவகத்தின் அருகே சிறியதும் வேகமானதுமான இன்னொரு நினைவகத்தை அமைத்து, அடிக்கடி வேண்டப்படுவனவற்றின் படிகளை அதில் வைக்கலாம் என்னும் கருத்தை ஒரு சிறு கட்டுரையில் முன்வைத்தார். அதனை அவர் 'அடிமை நினைவகம்' என்று அழைத்தார். 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் அத்தகைய நினைவகத்தை அமைத்தது. 'கேஷ்' என்னும் பெயர் அவ்வாண்டு அந்நிறுவனத்தின் ஆய்விதழ் மூலமே இப்பொருளில் வழக்கிற்கு வந்தது. மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த பெயர் அது.

ஒரு கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் இயங்கத் தொடங்கியபோது பிரச்சினை கடுமையாயிற்று. ஒரு செயலி மாற்றிய பெறுமானத்தின் பழைய படி மற்றொரு செயலியிடம் எஞ்சியிருக்கலாம். 1978ஆம் ஆண்டில் சென்சியே, ஃபோத்ரியே என்னும் இருவர் இதற்கொரு தீர்வு கூறினர். எந்தப் படி எவரிடம் உள்ளது என்பதற்கு ஓர் அட்டவணை பேணப்படுதல் வேண்டும். மூலம் மாறும்போது அவ்வட்டவணையைப் பார்த்து உரியவர்க்கு மட்டும் அறிவித்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். பின்னாளில் இணையம் வேறொரு வழியில் வந்தடைந்த முடிவோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

1989இல் ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ முன்வைத்த திட்டமே உலகளாவிய வலையின் தோற்றுவாயாகும். வலை பரவிய சில ஆண்டுகளிலேயே, ஒரு நிறுவனத்தார் அனைவரும் ஒரே பக்கத்தைத் தொலைவிலிருந்து மீண்டும் மீண்டும் பெறுவது வீண் என்பது உணரப்பட்டது. 1994 அளவிற் சேர்ன் வழங்கி மென்பொருளிலேயே படிகளைச் சேமிக்கும் இடைநிலை வசதி இடம்பெற்றது. படி பழையதா என்று அறிவது எங்ஙனம்? 1996 மே மாதம் வெளிவந்த எச்.ரி.ரி.பி. 1.0 ஆவணமும் 1997 ஜனவரியில் வெளிவந்த 1.1 ஆவணமும் இதற்கு இருவகை விடைகளைத் தந்தன. ஒன்று, பக்கத்தோடு அதன் காலாவதியையும் குறித்து அனுப்புதல். மற்றையது, 'இது மாறியுள்ளதா?' என்று படி வைத்திருப்பவர் மூலத்தை வினவுதல்.

இவ்விரு விடைகளும் இன்றும் பயன்படுவன. எனினும் அவற்றின் குறைபாடு வெளிப்படையானது. காலாவதியைக் குறிப்பது ஓர் ஊகமேயாம். ஒரு செய்தி எப்பொழுது மாறும் என்பதை அதனை எழுதுபவரே முன்கூட்டி அறியார். காலத்தைக் குறுக்கினாற் படியினாற் பயனில்லை. நீட்டினாற் பொய்யான பக்கம் நெடுநேரம் நிலைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் வினவுவதாயின், கோரிக்கைகளின் சுமை மீண்டும் மூலத்தையே சென்றடையும்.

இச்சிக்கல் பெருமளவில் வெளிப்பட்டு, அதற்குத் தெளிவானதொரு தீர்வும் கண்ட நிகழ்வாக 1998 பெப்ரவரியில் யப்பானின் நகானோ நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் போட்டியைக் குறிப்பிடலாம். அதன் உத்தியோகபூர்வ இணையத்தளத்தை ஐ.பி.எம். நிறுவனம் அமைத்தது. உலகின் பல இடங்களில் நிறுவப்பட்ட 13 எஸ்.பி.2 கணினித் தொகுதிகள், மொத்தம் 143 செயலிகளுடன் அதற்காக இயங்கின. 16 நாட்களில் ஏறத்தாழ 635 மில்லியன் கோரிக்கைகள் வந்தன. உச்ச நிலையில் ஒரே நிமிடத்தில் 110,414 கோரிக்கைகள் பதிவாயின.

இங்கு பக்கங்கள் நிலையான கோப்புகள் அல்ல, தரவுத்தளத்திலிருந்து ஆக்கப்படுபவை. ஒரு பனிச்சறுக்கு வீரரின் பெறுபேறு பதியப்படுகின்றது எனக் கொள்வோம். அதனால் அப்போட்டிக்குரிய பக்கம் மாறும். அவ்வீரரின் பக்கம், அவரது நாட்டின் பக்கம், பதக்கப் பட்டியல், அன்றைய முகப்பு என்பனவும் மாறும். ஒரு வரித் தகவலின் மாற்றம் பல பக்கங்களைப் பழையனவாக்குகின்றது. ஜிம் சலெஞ்சர், அருண் ஐயங்கார், போல் டான்சிக் ஆகியோர் கையாண்ட 'தரவு மாற்றப் பரவல்' என்னும் முறை, எந்தத் தகவலிலிருந்து எந்தப் பக்கம் ஆக்கப்பட்டது என்னும் சார்புநிலையை ஒரு வலைப்பின்னலாகப் பதிந்து வைத்தது. தரவு மாறியவுடன் அப்பின்னலின் வழியே சென்று, பாதிக்கப்பட்ட பக்கங்களை மட்டும் இனங்கண்டு, புதிய வடிவத்தைச் சேமிப்பகத்திலேயே அது இட்டது. புதிய பெறுபேறுகள் சில செக்கன்களில் உலகை எட்டின.

இதன் பெறுபேறு கவனிக்கத்தக்கது. இம்முறை இல்லாத முன்னைய அமைப்பிற் சேமிப்பிலிருந்தே நிறைவேற்றப்பட்ட கோரிக்கைகள் ஏறத்தாழ 80 சதவீதம். இம்முறையில் அது 100 சதவீதத்தை அண்மித்தது. எது எதனைச் சார்ந்தது என்று அறியாத அமைப்பின் முன் இரு வழிகளே உள்ளன. ஐயத்துக்குரிய யாவற்றையும் நீக்கினால், கூட்டம் மிகுந்த வேளையிற் பக்கங்களை மீண்டும் ஆக்கும் சுமையால் வழங்கிகள் திணறும். எதனையும் நீக்காவிடில் வாசகர் பழைய பெறுபேற்றையே உண்மையென நம்புவர். சார்புநிலையை அறிந்த அமைப்பே இவ்விரண்டையும் தவிர்க்க வல்லது.

பின்வந்த வளர்ச்சிகள் இவ்வுண்மையைப் பல வடிவங்களில் உறுதிப்படுத்தின. நோர்வேயின் வேர்டன்ஸ் காங் செய்தித்தாளின் இணையப் பதிப்புக்கென உருவாக்கப்பட்டு 2006இல் வெளிவந்த வார்னிஷ் மென்பொருள், குறித்த பக்கத்தையோ ஒரு வரையறைக்குட்பட்ட பக்கங்களையோ கட்டளையிட்டு நீக்க இடமளித்தது. 2013இல் வெளியான ஆய்வொன்றில் முகநூல் நிறுவனத்தார், தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டை ஒரு நிரல் தொடர்ந்து வாசித்து, நீக்கவேண்டியவற்றைச் சேமிப்பகங்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை விளக்கினர். 2015 நவம்பரில் வெளிவந்த ட்ரூபல் 8, ஒவ்வொரு பக்கமும் தான் சார்ந்துள்ள கட்டுரை, ஆசிரியர், பட்டியல் ஆகியவற்றின் பெயர்களை அடையாளச் சீட்டுகளாகத் தாங்கும் முறையைப் பொதுவழக்காக்கியது. பட்டியலுக்குத் தனிச் சீட்டு ஏன்? புதிதாக எழுதப்பட்ட கட்டுரை எந்தப் பழைய பக்கத்திலும் இடம்பெற்றிராது. ஆகவே அதன் பெயரைக்கொண்டு தேடினால் எப்பக்கமும் அகப்படாது. ஆயினும் அது இடம்பெற வேண்டிய பட்டியல் அக்கணமே பழையதாகிவிடுகின்றது. இல்லாத ஒன்றின் வரவையும் சார்புநிலையாகக் கருதவேண்டும் என்னும் இந்நுட்பம் அனுபவத்தாற் பெறப்பட்டதாகும்.

இவற்றாற் பிரச்சினை முற்றாகத் தீர்ந்தது எனக் கூறுதல் பொருந்தாது. கணினியியலிற் கடினமானவை இரண்டே எனக் கூறி, படிகளைச் செல்லாதனவாக்கலை அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்ட கூற்றொன்று பில் கார்ல்ரனுக்கு உரியதாக வழங்குகின்றது, பெயரிடுதல் மற்றையது. சார்புநிலை தானாகத் தோன்றுவதன்று. பல இடங்களில் அதனை மனிதரே அறிவிக்க வேண்டியுள்ளது. அவர் ஒன்றை மறந்தால் எந்த எச்சரிக்கையும் எழாது. பக்கம் வழமைபோல் விரைவாகவே தோன்றும். ஆனால் அது பொய்யாக இருக்கும். பழைய பக்கத்துக்கும் புதிய பக்கத்துக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லாமையே இங்குள்ள ஆபத்து. விளையாட்டுப் பெறுபேற்றில் இது சிறு தவறு. வெள்ள எச்சரிக்கையிலோ மருந்தின் அளவிலோ இதுவே உயிர்ப்பிரச்சினையாகும். இதனாலேயே 2022 ஜூனில் வெளியான ஆர்.எவ்.சி. 9111 என்னும் நியம ஆவணத்திலும் காலாவதி முறை கைவிடப்படவில்லை. அறிவித்தல் தவறினும் காலம் தவறாது என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை எனலாம்.

தொகுத்து நோக்கின், இவ்வரலாறு வினவப்பட்ட வினாவின் மாற்றத்தாலேயே முன்னேறியுள்ளது. 'இப்படி எவ்வளவு காலத்துக்குச் செல்லும்?' என்பதே தொடக்கத்திற் கேட்கப்பட்டது. 'இப்படி எவற்றிலிருந்து ஆக்கப்பட்டது?' என்று பின்னர் கேட்கப்பட்டது. படியை வேகத்துக்காகவே மனிதர் வைத்துக்கொண்டனர். அதனை நம்பத்தக்கதாக்கியது, அதன் மூலங்களை மறவாது பதிந்துவைத்த உழைப்பேயாகும்.