வெள்ளி இரவில் பிறந்தவர்கள்

1978 நவம்பர் 23ஆம் திகதி வியாழக்கிழமை. அன்றிரவுதான் கிழக்குக் கரையைச் சூறாவளி புரட்டிப் போட்டது. எங்கள் பெரியவர்களின் கணக்கில் அது வியாழன் இரவல்ல, வெள்ளி இரவு. மஃரிபோடு நாள் மாறிவிடுகிறது. பொழுது பட்டதும் வெள்ளி வந்துவிடுகிறது. அந்த இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால், உம்மாவுக்கு அது வெள்ளி, பதிவாளருக்கு வியாழன். சில வாரம் கழித்து, 'வெள்ளிக்கிழமை பிறந்தது' என்ற சொல்லை மாத்திரம் சுமந்துகொண்டு வாப்பா பதிவாளரிடம் போனால், கலண்டரைப் பார்த்து 24 என்று எழுதப்படும். பொய் சொன்னவர் யாருமில்லை. ஆனாலும் பிள்ளைக்கு ஒரு நாள் குறைந்துவிட்டது.

ஒரு நாளில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்ப்பவன் என்ற வகையில் சொல்கிறேன்: சேரும் வருடத்தின் ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பிள்ளை ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். பத்திரத்தை நீட்டும் தாய்மாரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு நாளின் நிறை தெரியும்.

இலங்கையில் பிறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. இன்றைய நடைமுறைக்கு ஆதாரம் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். பிறந்து 42 நாளைக்குள் அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு என்று வேறு வழியில் போக வேண்டும். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961இல்; அதற்கு முன் கல்முனையில் பிறந்தவரின் பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்றிருப்பதைக் கண்டு இளையவர்கள் திகைப்பதுண்டு.

அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு வினோதம் ஒளிந்திருக்கிறது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இல் அட்டைகள் வரத் தொடங்கின. பழைய இலக்கத்தின் முதலிரண்டு எண்களும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அவ்வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதனோடு 500ஐக் கூட்ட வேண்டும். ஆனால் இந்த நாட்கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு! 1978 நவம்பர் 23 உண்மையில் அவ்வருடத்தின் 327ஆம் நாள்; அட்டையிலோ ஆணுக்கு 328, பெண்ணுக்கு 828. விடயம் தெரியாதவர் 328ஐச் சாதாரணமாக எண்ணினால், இங்கும் 24ஆம் திகதிதான் வரும். 2016இல் 12 இலக்கங்கள் கொண்ட எண் வந்தபோதும் வருடம் நான்கு இலக்கமானதே தவிர, இந்த முறை மாறவில்லை.

இனி எங்கள் பிறைக் கணக்குக்கு வருவோம். பிறை வருடம் 354 நாளும் சில மணித்தியாலங்களும். சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாளளவில் குறைவு. சூறாவளி இரவில் பிறந்த ஒருவர் 2004 டிசம்பர் 26 அன்று, கடல் ஏறிய காலையில், 26 வருடம் 1 மாதம் 3 நாள் வயதினராக இருந்தார். மொத்தம் 9530 நாட்கள். பிறைப்படி அவருக்கு 26 வருடமும் 10 மாதமும் மூன்று வாரமுமாகியிருந்தன. வயது ஏற ஏற இந்த இடைவெளி அகலும். நபிகளார் (ஸல்) அவர்கள் வாழ்ந்த 63 வருடம் பிறை வருடம். சூரியக் கணக்கில் 61 வருடமும் ஒன்றரை மாதமுமளவில். பத்திரத்தில் 63ஐ எட்டும் நம்மவர் பிறைக் கணக்கில் ஏறத்தாழ 65ஐ எட்டியிருப்பார்.

அந்தக் காலையில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளோடு பத்திரங்களும் போயின. மௌலிதுக் கிதாபின் முதற்றாளில் அறபுத் தமிழில் பிள்ளைகளின் பிறப்பைக் குறித்து வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்தத் தாளுமில்லை. கல்முனை வைத்தியசாலைக்கு அன்று 81ஆவதாகக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தையின் கதை உலகமே அறிந்தது. பெற்றோரிடம் காட்டுவதற்குப் பத்திரமில்லை. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டு, 2005 பெப்ரவரியில் பிள்ளை தாயிடம் போய்ச் சேர்ந்தது. யாருடைய பிள்ளை என்பதை மரபணு சொல்லிற்று. எந்தத் திகதியில் பிறந்தது என்பதை எந்தச் சோதனையும் சொல்வதில்லை.

கொழும்பிலுள்ள பிரதிகளைப் பார்த்துப் பலர் பத்திரங்களை மீட்டார்கள். முதலிலேயே பதியப்படாத மூத்தம்மாமாருக்குத்தான் வழியில்லை. உடலைப் பார்த்து வைத்தியர் சொல்லும் உத்தேச வயது ஐந்து வருடம் முன்பின்னாகப் போகலாம். அதைவிடக் கூர்மையான கருவி அவர்களின் பேச்சிலேயே இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். நான் வருடத்தைக் கேட்பதில்லை. எந்தப் பிறை, மழையா வெயிலா, வயலில் விதைப்பா வெட்டா என்று கேட்பேன். பிறையும் பருவமும் சேர்ந்து வருவது 33 வருடத்துக்கொரு தடவைதான். (கிழமையைக் கேட்கும்போது மாத்திரம் அவதானம் தேவை: 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீங்கிப் போயா விடுமுறை இருந்ததால், 'லீவு நாளில் பிறந்தவன்' என்றால் எந்தக் கிழமையாகவும் இருக்கலாம்.)

ஓர் உதாரணம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறுவது ஜமாதுல் ஆகிர் பிறையில். 'கொடி மாசம், பெருவெள்ளம்' என்று ஒரு மூதாட்டி தன் தலைப்பிள்ளையின் பிறப்பைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தலைப்பிறை மார்கழி மழைக்குள் விழுவது 1925ஐ ஒட்டி, பின்னர் 1957, 1958இல், அதன் பின் 1990இல். பிள்ளைக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே 1990 இல்லை. உம்மா உயிரோடிருக்கிறார், ஆகவே 1925உம் இல்லை. எஞ்சிய இரண்டில் பெருவெள்ளத்துக்குப் பேர்போனது 1957 டிசம்பர். கணக்குப்படி அவ்வருடத் தலைப்பிறை டிசம்பர் 24ஐ ஒட்டி வருகிறது. கொடியேறி எத்தனையாம் நாள் என்று அவரால் சொல்ல முடிந்தால் திகதியையே எழுதிவிடலாம். பிறை கண்ட வித்தியாசத்துக்கு ஒரு நாளை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான்.