ஒரே வாயில் இரு புற்று

இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று தென் திருவிதாங்கூரிலும் அடங்கிய நெய்யூரில், லண்டன் மிஷன் சங்கத்தார் நடத்திய வைத்தியசாலையிலே, கொடுப்பில் புகையிலையை அடக்கிக்கொண்டு வயலிலும் கரையிலும் பாடுபட்ட ஏழை மக்கள் கன்னத்தில் புண்ணோடு வந்து நின்றதை, அங்கிருந்த சஸ்திர வைத்தியர்கள் நெடுங்காலம் கண்டு வந்தனர். 1908-ஆம் ஆண்டில் பெல்ஸ் என்பவர் வாய்ப்புற்றுக்காகச் செய்த 209 சஸ்திர சிகிச்சைகளை ஆராய்ந்து எழுதினார். 1933-இல் ஆர் என்பவர் தாம்பூலத்திற்கும் அந்த வியாதிக்கும் உள்ள சம்பந்தத்தை லான்செட் பத்திரிகையில் விவரித்தார். புண்ணுக்குக் காரணத்தை அதன் இடத்திலேயே தேடிய அந்தப் பணி எக்காலத்தும் போற்றத்தக்கது.

ஆயினும், ஒரே மனிதனுடைய வாயில் தனித்தனியே இரண்டு புற்றுகள் தோன்றக்கூடுமோ என்ற வினாவுக்கு விடை எளிதில் கிட்டவில்லை. வியன்னாவின் பேராசிரியர் பில்ராத், 1889-இல், இரண்டும் வெவ்வேறு திசுவகையாய் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தானே வேறிடங்களுக்குப் பரவியிருக்க வேண்டும் என்று கடும் நிபந்தனைகளை விதித்தார். வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றில் எழும் புற்றுகள் பெரும்பாலும் ஒரே வகையினவாதலால், அந்த அளவுகோலுக்குள் அவை நுழையவே வழியில்லை. 1932-இல் வாரன், கேட்ஸ் என்ற அமெரிக்கர் இருவர், இரண்டும் மெய்யான புற்றாகவும், ஒன்றுக்கொன்று விலகியும், ஒன்று மற்றதிலிருந்து பரவாததாகவும் இருந்தால் போதும் என்று வகுத்த பிறகே வழி திறந்தது.

அவ்வழியே நடந்து பெரும்பயன் கண்டவர் சிகாகோவின் ஸ்லாட்டர். 1953-இல் அவரும் அவருடைய தோழர்களும் 783 நோயாளிகளின் வாய்ப்புற்றுகளை ஆராய்ந்தபோது, கட்டியைச் சுற்றிப் பார்வைக்குப் பழுதில்லாத உட்சவ்விலும் உயிரணுக்கள் விகாரப்பட்டிருப்பதையும், நூற்றுக்குப் பதினொருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட தனிப்புற்றுகள் இருப்பதையும் கண்டனர். புகையிலையும் மதுவும் தீண்டிய பரப்பு முழுவதுமே நோயின் நிலம் என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. வைத்தியரின் கவனத்தைக் கட்டியின் எல்லைக்கு அப்பால் இழுத்துச் சென்ற அந்த எண்ணத்தையே இத்துறையின் தலையாய கண்டுபிடிப்பாக நான் கருதுகிறேன்.

அதன் பயனாகவே, முதற்கட்டியைக் கண்டதும் கத்தியை எடுக்காமல், குழாய்க்கருவி கொண்டு தொண்டையையும் குரல்வளையையும் உணவுக்குழாயையும் பார்க்கும் வழக்கம் வளர்ந்தது. இரண்டாவது புற்று ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்டால் அது ஏககாலத்தில் தோன்றியதாகக் கொள்ளப்படுகிறது. அப்போது உயிருக்கு அதிக அபாயம் விளைப்பதை முதன்மையாக வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே திட்டம் வகுக்கிறார்கள். ஒருமுறை முழு அளவில் கதிர்வீச்சு ஏற்ற கழுத்துக்கு மறுமுறையும் அதே அளவைக் கொடுப்பது மிகுந்த ஆபத்தாகையால், ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்ற தாமதத்துக்கு இங்கே இடமில்லை.

உங்கள் இல்லத்தில் வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர் இருப்பாராயின், புகையிலையையும் பாக்கையும் அறவே விடச் செய்யுங்கள். பழைய புண் ஆறிவிட்டதென்று அவர் வைத்தியரிடம் போவதை நிறுத்தவும் விடாதீர்கள்.