சும்மா யாரும் போகாத கால்வாய்

 இந்த எபிசோடை ஒரு சின்ன அவமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் ஒரு வீக்கெண்டுக்குப் பெரிய முதலியார்சாவடி போயிருந்தேன். ஈசிஆரில் புதுச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் வரும் கடலோர ஊர். ஆரோவில் போகிற பலர் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கே தங்கியிருக்கும் தோழி ஒருத்தி புதுசாக ஒரு கயாக் வாங்கியிருந்தாள். காலை ஆறு மணிக்கு அதைக் கடலில் இறக்கினோம். முதல் அலை தூக்கியது. இரண்டாவது அலை கவிழ்த்தது. மூன்றாவது அலை என்னையும் கயாக்கையும் தனித்தனியாகக் கரையில் கொண்டுவந்து போட்டது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "ஏம்மா, இது ஆத்துல வுடுற சாமானு. இங்க கொண்டாந்து வுட்டா கடலு சும்மா இருக்குமா? மரக்காணம் போங்க. அங்க கால்வா இருக்குது. தண்ணி தூங்கிக்கினு இருக்கும்" என்றார்.

அந்தத் தூங்குகிற தண்ணீர்தான் இன்றைய கதை. அதைத் தூங்க வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

முதலில் கடலைப் பற்றிக் கொஞ்சம். நம்முடைய சோழமண்டலக் கரையில் இயற்கையாக அமைந்த ஆழமான துறைமுகம் ரொம்பக் குறைவு. நேர்க்கரை, மணல், விடாமல் உடைகிற அலை. சென்னையில்கூடத் துறைமுகம் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது படகு உடையாமல் நெளிந்து கொடுக்கும். அதைவிட எளிமையானது கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். கவிழ்ந்தாலும் மூழ்காது.

இங்கே ஒரு சுவாரசியம். இங்கிலீஷில் இருக்கும் மூன்று படகுப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கயாக் என்ற சொல் ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்களுடையது. கனூ கரீபியத் தீவுகளிலிருந்து ஸ்பானிஷ் வழியாகப் போனது. கேட்டமரான் நம்ம கட்டுமரம். மூன்றுமே வேலை செய்கிறவர்களின் படகுகள். இன்றைக்கு மூன்றும் லீவு நாள் விளையாட்டுச் சாமான்கள் ஆகிவிட்டன. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

சரி, கடல் இவ்வளவு முரடாக இருந்தால் கரையோரமாகச் சரக்கை எப்படிக் கொண்டுபோவது? கரைக்கு உள்ளே, கடலுக்கு இணையாக ஏற்கெனவே உப்பங்கழிகள் இருக்கின்றன. பழவேற்காடு, எண்ணூர், கோவளம், மரக்காணம் என்று வரிசையாக. அவற்றை வெட்டி இணைத்துவிட்டால்? அலையில்லாத ஒரு நீர்ச்சாலை கிடைத்துவிடும்.

1801-இல் பேசில் காக்ரேன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் சென்னைக்கு வடக்கே அந்த வேலையைத் தொடங்கினார். படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் வியாபாரம் அது. இன்றைய டோல்கேட் மாதிரி. அதனால் முதலில் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். பெத்தகஞ்சாமுக்கு வடக்கே கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய்களோடு சேர்ந்து காக்கிநாடா வரைக்கும் அந்தக் காலத்தில் படகு போக முடிந்தது.

பக்கிங்காம் என்ற பெயர் 1878-இல் வந்தது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். அவர் கவர்னராக இருந்த காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: தாது வருஷப் பஞ்சம்.

நான் சின்ன வயசில் அவசர அவசரமாகச் சாப்பிட்டால் எங்க ஆயா, "தாது வருசத்துல அடிபட்டவ மாதிரி ஏண்டி முழுங்குற?" என்று கேட்கும். அது ஒரு வருஷத்தின் பெயர் என்பதே எனக்குக் காலேஜ் வந்த பிறகுதான் தெரியும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பஞ்சம் அது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் செத்திருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நூறு வருஷம் கழித்தும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அது ஞாபகத்துக்கு வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசித்தவர்களுக்கு அரசு சும்மா சோறு போடாது. உடம்பில் தெம்பு இருப்பவர்கள் வேலை செய்தால்தான் கூலி. ரோடு, ஏரி, கால்வாய் என்று நிவாரண வேலைகள் நடந்தன. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய், 1877-78-இல் அப்படிப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் அந்த இணைப்பால்தான் ஒன்றாயின.

கூலி எவ்வளவு? 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி செலவைக் குறைக்கச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். நாள் முழுக்க உழைக்கும் ஒரு ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். அதோடு ஒரு அணா. அவ்வளவுதான் என்று நிர்ணயித்தார். மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பம்பாய் மாகாண நிவாரண முகாம்களில் மக்களே வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். பசியில் இருக்கிறவன் வேலைநிறுத்தம் செய்வது என்றால், அது எவ்வளவு பெரிய முடிவு! அந்த வருஷமே கூலியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டிவந்தது. தானியத்தோடு பருப்பும் சேர்ந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் அடுத்த வாரம் மரக்காணம் போனேன். முதலியார்சாவடியிலிருந்து வடக்கே, ஈசிஆரில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காரின் மேல் கயாக்கைக் கட்டிக்கொண்டு போனோம். உள்ளூர்க்காரர் ஒருவர் சின்னப் படகில் வழிகாட்ட முன்னால் போனார்.

இரண்டு பக்கமும் உப்பளம். கட்டம் கட்டமாகப் பாத்திகள், வெயிலில் கண் கூசுகிறது. கால்வாயில் தண்ணீர் நகர்கிறதா இல்லையா என்றே தெரியாது. துடுப்பை எடுத்தால் சொட்டுகிற சத்தம் கேட்கும். கடல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆனால் அலை இல்லை. கடல் ஏறினால் முகத்துவாரம் வழியாக இங்கேயும் தண்ணீர் ஏறும், கடல் வற்றினால் இறங்கும். படகு தரை தட்டாமல் போகவேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் பல இடங்களில் கதவு போட்டுத் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். ஒரு கதவைத் திறந்து படகை உள்ளே விடுவார்கள். அதை மூடி, தண்ணீரைச் சமமாக்கி, அடுத்த கதவைத் திறப்பார்கள். இந்த அமைதி முழுக்க முழுக்க ஆள் கட்டிய அமைதி.

ஒரு மணி நேரத்தில் என் தோள் கழன்றுவிட்டது. காலி கயாக், ஒற்றை ஆள், கையில் அலுமினியத் துடுப்பு. இதே கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் சென்னைக்குப் போயின. சவுக்கு விறகு இல்லாமல் அன்றைய சென்னையில் அடுப்பு எரியாது. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லாவிட்டால்?

இங்கேதான் பாரதிதாசன் வருகிறார். 1934-இல் ஒரு பௌர்ணமி இரவில் ஜீவா, குத்தூசி குருசாமி உள்ளிட்ட நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போனார். அந்தப் பயணம் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையானது. நிலா, தண்ணீர், நண்பர்கள், பேச்சு. இன்றைக்கு நாம் போடுகிற ட்ரிப் ஸ்டோரி மாதிரிதான் தொடங்குகிறது. பிறகு கவிஞரின் கண் கரைக்குப் போகிறது. அங்கே ஒருவன் படகின் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடக்கிறான். அதைப் பார்க்கவே கவிஞரால் பொறுக்க முடியவில்லை.

உலகம் முழுக்கக் கால்வாய்களின் கதை இதுதான். இங்கிலாந்தில் குதிரை இழுத்தது. ரஷ்யாவில் வோல்கா நதியில் மனிதர்கள் இழுத்தார்கள். ரெபின் வரைந்த அந்தப் பிரபலமான ஓவியம் 1873-இல் முடிந்தது. நம் பஞ்சத்துக்கு மூன்று வருஷம் முன்னால். வோல்காவில் இழுத்தவர்களுக்கு ஒரு ஓவியம் கிடைத்தது. பக்கிங்காமில் இழுத்தவருக்கு ஒரு கவிதையில் சில வரி. 450 கிராம் தானியத்துக்கு வெட்டியவர்களுக்கு எதுவும் இல்லை. கால்வாயின் பெயர் கவர்னருடையது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே ஓரளவு தெரியும். ரயிலும் லாரியும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1965, 1966 புயல்கள் கால்வாயைக் கடுமையாகச் சேதப்படுத்தின. சென்னைக்குள் சாக்கடை வந்து சேர்ந்தது. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. நீங்கள் மயிலாப்பூரில் ரயிலிலிருந்து கீழே பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிறீர்களே, அதுதான் பாரதிதாசன் நிலாவில் போன கால்வாய்.

ஆனால் அது செத்துவிடவில்லை. 2004 சுனாமியின்போது கரையேறி வந்த கடல்நீரைப் பல இடங்களில் இந்தப் பள்ளம்தான் வாங்கிக்கொண்டது. ஊருக்குள் போயிருக்க வேண்டிய தண்ணீர் கால்வாயில் ஓடி, மறுபடி கடலுக்கே திரும்பியது. 130 வருஷத்துக்கு முன்னால் பசியோடு மண் சுமந்தவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே யாரையோ காப்பாற்றியிருக்கிறார்கள். இதை யோசித்தபோது துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தேன்.

இன்னொரு விஷயம். பாரதிதாசன் புதுச்சேரிக்காரர். அவர் கவிதையில் இந்தக் கால்வாய் புதுச்சேரி வரைக்கும் நீள்கிறது. உண்மையில் மரக்காணத்தோடு முடிந்துவிட்டது. அதற்குத் தெற்கே கழுவேலி ஏரி. 2008-இல் நாடாளுமன்றம் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான வழியை நான்காவது தேசிய நீர்வழியாக அறிவித்தபோது, அந்த இடைவெளியைக் கழுவேலி வழியாக நிரப்பும் எண்ணம் சட்டத்திலேயே வந்தது. கவிஞரின் கால்வாய் காகிதத்தில் ஊர் வந்து சேர்ந்துவிட்டது! ஆனால் 2021-இல் அதே கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்போது படகுக்கா, பறவைக்கா என்று கேட்டால் நான் பறவை கட்சி. முன்னே ஒருமுறை தண்ணீரை வெட்டி இணைத்தபோது யாரையும் கேட்கவில்லை. இந்த முறையாவது உப்பளத்துக்காரர்களையும் மீன்பிடிக்கிறவர்களையும் கேட்டுவிட்டுப் பேசலாம்.

திரும்பும்போது கரையில் ஒரு அக்கா பலகையால் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"சும்மாதான்க்கா."

"சும்மாவா? இந்த வெயில்லயா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. இந்தத் தண்ணீரில் பெரும்பாலும் யாரும் சும்மா போனதில்லை. வெட்டினார்கள், இழுத்தார்கள், ஏற்றினார்கள். சும்மா போகிற முதல் தலைமுறை நாமாக இருக்கலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. போங்கள், துடுப்பு போடுங்கள், ரொம்ப நல்லா இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் தோள் வலிக்கும் இல்லையா, அப்போது கரையைக் கொஞ்சம் பாருங்கள். கயிறு இழுத்தவர் நடந்த பாதை அங்கேதான் இருந்தது.

முதலியார்சாவடிப் பெரியவரிடம் மறுநாள் போய்ச் சொன்னேன், "தாத்தா, நீங்க சொன்ன மாதிரி தண்ணி தூங்கிக்கிட்டுதான் இருந்துச்சு."

"தூங்கட்டும்மா. நெறைய வேல செஞ்ச தண்ணி" என்றார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.